பச்சை மூங்கில் வண்டி

அந்த வருஷங்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. திருச்சி தென்னூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை எடுத்தால் எழுந்து நடக்கத் தோன்றும். நடக்க ஆரம்பித்தால் சுவர் வந்துவிடும். தலைக்கு மேல் யாரோ நெல் குத்துகிற மாதிரி இருக்கிறது என்று கீழ் வீட்டு அம்மாள் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் நடந்தேன். என்ன செய்வது? என் அக்கா மறுபடியும் பிள்ளை உண்டாகியிருந்தாள்.

எங்கள் ஊர் திருவெள்ளறைக்கும் அப்பால், துறையூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். ஏர் மாடு உண்டு, வண்டி கிடையாது. அக்கா தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நான் லீவில் ஊரில் இருந்தேன். காலையில் வலி எடுத்தது. உச்சிப்பொழுதில் மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருச்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றாள். நான் வண்டி கேட்டு ஓடினேன்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் போனேன். எங்கள் பங்காளி, ஊரிலேயே நல்ல கூண்டு வண்டி அவருடையது. சக்கரத்துக் கடையாணி உடைந்து கிடக்கிறது தம்பி என்றார். அடுத்த வீட்டில் மாட்டுக்குக் கால் நொண்டுகிறது என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் விதைநெல் ஏற்ற வேண்டும் என்றார்கள். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கொள்ளிடத்துப் பாலத்தில் ஏறும் வரையில் அக்கா முனகிக்கொண்டிருந்தாள். பாலத்தில் அவள் சத்தம் நின்றுவிட்டது. பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவைக் காப்பாற்றிக் கொடுத்தார். பிள்ளை வழியிலேயே போய்விட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி வரும், விறகு வரும், ராத்திரி துணைக்கு ஆள் வரும். வண்டி மட்டும் வராது. ஒருவர் உயிர் ஒரு வண்டியில் போய்விட்டால், அந்த வண்டியில் பிறகு விதைநெல் ஏற்ற மாட்டார்கள், மணப்பெண்ணை ஏற்ற மாட்டார்கள். மாட்டைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டிவிடலாம், மரத்தைக் குளிப்பாட்டித் தீட்டுப் போக்க முடியாது என்பார்கள். பெரியப்பாவுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண், அவளுக்குக் கீழே இன்னொரு பெண். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் வண்டிதான் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் ஆத்திரம் அடங்கிவிடுமா?

கிராம முன்னேற்றம் என்பது அப்போது காலேஜில் ஒரு ஜுரம் மாதிரி பரவியிருந்தது. சாயங்காலமானால் யாராவது ஒருவன் மேஜையைத் தட்டிப் பேசுவான். சாக்கடைக்குக் குழி வெட்ட வேண்டும், படிப்பகம் திறக்க வேண்டும், ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், வீட்டுக்கு ஜன்னல் வைக்க வேண்டும். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் பேசினவர்களில் பாதிப் பேர் சாணியை மிதித்துவிட்டால் தென்னூர் வரைக்கும் காலை உதறிக்கொண்டே வருகிறவர்கள். நான் ஒரு நாள் எழுந்து, குழியும் ஜன்னலும் இருக்கட்டும், முதலில் ஊருக்கு ஒரு வண்டி வேண்டும் என்றேன். யாருக்கும் சொந்தமில்லாத வண்டி. அதில் யார் செத்தாலும் யாருக்கும் தீட்டு இல்லை. மாட்டை மட்டும் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுக்கட்டும். சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை.

ஒருவன் ஸ்ரீரங்கத்துக்காரன், கோயில் கைங்கரியக் குடும்பம். எதையும் அழுத்தந்திருத்தமாகப் பேசுவான், கோபமே வராது. இன்னொருவன் கோட்டைப் பக்கத்து முஸ்லிம் பையன், அவன் அத்தா ஜட்காக் குதிரை வண்டிகள் வைத்திருந்தார். அவன் அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்து, கர்ப்பிணியை ஏற்றுகிற வண்டிக்கு வில் வேண்டும், இல்லாவிட்டால் குலுக்கலிலேயே ஆள் காலி என்றான். மறுவாரம் அவன் அத்தா ஒரு பழைய ஜட்காவிலிருந்து கழற்றிய இரும்பு வில்களைக் கொடுத்தார். என் சித்தப்பா ஒருவர் கொட்டகையில் கிடந்த வண்டிச் சட்டத்தைக் கொடுத்தார். உறையூர் நெசவாளர் ஒருவர், கூண்டுக்குப் போடச் சொல்லி வெள்ளைத் துணி கொடுத்தார். கொள்ளிடக் கரையில் மூங்கில் வெட்டினோம். நோயாளி காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகிற மாதிரி அடித்தட்டை நீளமாகப் போட்டோம். வளைத்துக் கட்டின பச்சை மூங்கில் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டு மூவரும் தள்ளி நின்று பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுத்தமான வண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அதில் உட்கார்ந்து ஊருக்குள் நுழைந்தோம். ஆட்கள் கூடுவார்கள், மேளம்கூட வரலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். குளத்தில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் போட்டது போட்டபடி எழுந்து நின்றார்கள். எதிரே வந்தவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். ஒரு வீட்டில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். தெருமுனையில் பெரியப்பா வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

“செத்தது யாரு தம்பி?” என்றார்.

யாரும் சாகவில்லை, இது நம் ஊருக்குப் பொது வண்டி என்றேன். அவர் மூங்கிலைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், நீளமான அடித்தட்டைப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கும் கண் திறந்தது. பச்சை மூங்கிலை வெட்டி, வெள்ளைத் துணியைப் போர்த்தி, ஆளைப் படுக்கவைத்து ஊரை விட்டு எடுத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். படித்த பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து பாடைக்குச் சக்கரம் வைத்துக் கொண்டுவந்திருந்தோம். ஜட்கா வீட்டு நண்பனுக்கு அது தெரிய நியாயமில்லை, அவர்கள் வழக்கம் வேறு. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு மூங்கில் என்றால் உற்சவப் பந்தல்தான் ஞாபகம் வரும். எனக்கோ, வண்டி வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பொழுது சாய்வதற்குள் ‘பாடை வண்டி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதைக் குளத்தங்கரைப் புங்கமரத்தடியில் நிறுத்தினோம். மறுநாளிலிருந்து பெண்கள் தண்ணீருக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள்.

நான் விடவில்லை. வாரா வாரம் ஊருக்குப் போய் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு வாதாடினேன். மூங்கில் என்பது ஒரு புல் வகை என்று சயின்ஸ் எல்லாம் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நீங்க சொல்றது சரிதான் தம்பி என்றார்கள். இப்படித் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்த்துப் பேசுகிறவனோடு மல்லுக்கட்டலாம், சரிதான் என்கிறவனை என்ன செய்வது? அந்த மாதத்தில் ஒருவனைப் பாம்பு கடித்தது. அவனைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு எங்கள் வண்டியைத் தாண்டியே ஓடினார்கள், ரோட்டில் நாளுக்கு ஒரே தடவை வருகிற மோட்டார் பஸ் அவர்கள் நல்ல காலத்துக்கு அப்போது வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். அதில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை.

ஸ்ரீரங்கத்து நண்பன் ஒரு யோசனை சொன்னான். “பெருமாள் தீர்த்தத்தைப் புரோக்ஷணம் பண்ணிட்டா எந்த தோஷமும் நிக்காது. அப்புறம் எல்லாரும் சேவிச்சுண்டு ஏறட்டுமே” என்றான். அவனே ஒரு சின்னச் செம்பில் தீர்த்தமும் ஒரு கட்டுத் துளசியும் எடுத்துக்கொண்டு வந்தான். பக்தி சிரத்தையாக வண்டியைச் சுற்றித் தெளித்தான், துளசியை முகப்பில் சாத்தினான். ஊர் தள்ளி நின்று பார்த்தது. கூட்டத்தில் யாரோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது: தீர்த்தம் ஆச்சு, துளசி ஆச்சு, இனிமேல் ஆள் போக வேண்டியதுதான் பாக்கி. உயிர் போகிறவர் வாயில் விடுவதும் அதே தீர்த்தம், அதே துளசி. நண்பன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அவனைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அதற்குள் ஆனி மாதம் முடியப்போகிறது. முதல் பிள்ளை தங்காததால் இதையும் தாய்வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, மாமியார் வீட்டில் அக்காவை அனுப்பிவைத்திருந்தார்கள். அவள் வயிறு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இந்தத் தடவை வலி கண்ட உடனே கிளம்பிவிடுங்கள், தாமதித்தால் தாயும் மிஞ்ச மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு நான் வீட்டில் கத்தினேன். வேளை வந்தால் கையைக் காலைக் கட்டியாவது அந்த வண்டியில்தான் ஏற்றுவேன் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். “எம் பொண்ண நானே பாடையில ஏத்தணுமா? வேணும்னா என்னை ஏத்திட்டுப் போ” என்று சொல்லி அழுதாள். வலி எடுத்த பெண்ணை, தான் சாகப்போகிறோம் என்று அவளே நம்புகிற வண்டியில் ஏற்றினால் அவள் வழியிலேயே மனம் விட்டுவிடுவாள் என்பது அம்மாவின் கட்சி. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன்.

அக்கா இதுவரை இந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். வாய் நீளம் அவளுக்கு, சும்மா இருந்தாள் என்றால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

“ஏன்டா, சாகக் கெடக்கறவங்கதான் ஏறணும்னு ஒரு வண்டியைச் செஞ்சு வெச்சா எவடா ஏறுவா?” என்றாள். “நடக்காதே, உக்காந்து கேளு. ஆடிப் பதினெட்டுக்கு நான் ஸ்ரீரங்கத்துக்குப் போகணும். காவேரியில கலந்த சாதம் திங்கணும்னு ஆசையா இருக்கு. அந்த வண்டியிலதான் போவேன். அந்த வெள்ளைத் துணியக் கழட்டிட்டு வா.”

துணியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். கொல்லையில் பெரிய அண்டாவை அடுப்பேற்றி மஞ்சளை இடித்துக் கொட்டினாள். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினாள், நான் கிளறினேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் பெரிய பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வேலியைத் தாண்டி வந்து என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள், நான் கிளறினால் திட்டுத் திட்டாகப் பிடிக்குமாம். மூங்கில் அதற்குள் வெயிலில் காய்ந்து தானாகவே மஞ்சளித்துப் போயிருந்தது. மஞ்சள் துணியை மேலே கட்டியதும் அது வேறு வண்டி. நீளத் தட்டில் குறுக்கே பலகை அடித்தேன், படுக்கிற வண்டி உட்காருகிற வண்டியாயிற்று. இவ்வளவுதான் வேலை. மாதக் கணக்கில் லெக்சர் அடித்ததற்குப் பதிலாக இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எனக்கு வந்த எரிச்சலில் சுத்தியலை வீசி எறிந்தேன்.

ஆடிப் பதினெட்டு விடியற்காலையில் அக்கா பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு புங்கமரத்தடிக்கு நடந்தாள். ஊரே கூடியிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து புளியோதரைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா தரையில் நின்றாள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அக்கா கூப்பிடவில்லை, மாட்டை ஓட்டச் சொன்னாள். வண்டி நகர்ந்ததும் அம்மா ஐயோ என்று ஓடி வந்து பின்னால் தொற்றிக்கொண்டாள். அவள் பின்னாலேயே பெரியப்பாவின் பெரிய பெண் ஓடி வந்தாள். அவள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை. இரு கரையும் நிரம்பிக் காவேரி செம்மண் நிறத்தில் ஓடியது. ஸ்ரீரங்கத்து நண்பன் எங்களுக்காகக் காத்திருந்து கூட்டத்தை விலக்கி இடம் பிடித்துக் கொடுத்தான். ஜட்கா வீட்டு நண்பன் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து வில்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, அத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று சந்தோஷமாகப் போனான். அக்கா காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டாள், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள், புளியோதரையும் தயிர்சாதமும் வயிறு முட்டத் தின்றாள். திரும்பி வரும்போது பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பாவின் பெண், ஜமீன் வீட்டு வில்வண்டி மாதிரி இருக்கிறது, ஆடுவதே தெரியவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னாள்.

அப்புறம் அந்த வண்டியைப் பிடிக்க முடியவில்லை. மண்ணச்சநல்லூர்ச் சந்தைக்குப் போயிற்று, காதுகுத்துக்குப் போயிற்று, வளைகாப்புக்குப் போயிற்று. காய்ச்சலில் கிடந்த ஒருவர் அதிலேயே திருச்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, வரும்போது வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் சந்தோஷப்பட வேண்டாமா? நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்துவிட்டது, அக்காவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஊரிலேயே கிடந்தேன். அவளுக்குப் பிரசவம் ஆகும் வரை வண்டி மரத்தடியை விட்டு நகரக் கூடாது என்று ஊரில் சொல்லப்போகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டு நின்றால் அது மறுபடியும் பாடைதான், போகட்டும் விடு என்றாள்.

அந்த ஆவணியில் பெரியப்பா பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். சொந்த வண்டி வாசலில் நிற்க, மஞ்சள் வண்டியில்தான் மாப்பிள்ளை ஊருக்குப் போவேன் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள். பெண்ணைக் கொண்டுபோய் விட அவள் அம்மாவும் அத்தைமார்களும் அதிலேயே கிளம்பினார்கள். பெண்ணோடு அப்பன் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை, பெரியப்பா வீட்டில் தங்கிவிட்டார். வண்டி போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அக்காவுக்கு வலி எடுத்தது.

குளத்தங்கரைக்கு ஓடினேன். போய்விட்டது என்று தெரிந்தும் ஓடினேன். புங்கமரத்தடியில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. என் யோசனை பலித்துவிட்டது, அதனால்தான் வண்டி இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, மரத்தை உதைத்தேன். மறுபடியும் ஒவ்வொரு வாசலாக நின்று கெஞ்ச வேண்டும் என்று நினைத்தபோது கால் ஓடவில்லை, வீட்டைப் பார்த்து நடந்தேன்.

எங்கள் வாசலில் பெரியப்பாவின் கூண்டு வண்டி நின்றது. மாடு பூட்டியிருந்தது. வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கல்யாணத்துக்கு வாங்கின புது ஜமக்காளத்தை விரித்திருந்தார். அவருடைய சின்னப் பெண் அம்மாவோடு சேர்ந்து அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்துகொண்டிருந்தாள். பெரியப்பா முன்னால் ஏறி உட்கார்ந்து மாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார்.

மாட்டை விரட்டிக்கொண்டு போனோம். என்னால் வண்டியில் உட்கார முடியவில்லை, பக்கத்திலேயே ஓடினேன். திருவெள்ளறை தாண்டியது, மண்ணச்சநல்லூர் தாண்டியது. அக்கா வலி வரும்போது அம்மாவைத் திட்டினாள், விட்டபோது என்னைத் திட்டினாள். கொள்ளிடத்துப் பாலத்தில் வண்டி ஏறியது. அப்போது பெரியப்பா திரும்பாமலே பேசினார்.

“போன தடவை கடையாணி ஒடஞ்சு கெடக்குன்னு சொன்னேன் ஆத்தா. அது ஒடையல.”

அக்கா முனகிக்கொண்டே கூண்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும் பெரியப்பா” என்றாள் அக்கா. “இப்ப வண்டிய ஓட்டுங்க.”

அவர் மாட்டைத் தட்டினார். பாலம் முடிகிற வரைக்கும் அக்காவின் சத்தம் நிற்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டே நான் ஓடினேன்.

அன்று பிற்பகலில் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்த இடம் வரைக்கும் அதன் அழுகை கேட்டது. பெரியப்பா நுகத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், பொழுது சாயும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.